மூன்றாம் வகைச் சாட்சி

2024ஆம் ஆண்டு மாசி மாதம் நாங்கள் மூன்று பேர் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு மலைக்குப் போனோம். பனியில் சறுக்கி விளையாட அல்ல. ஓநாயும் லுக்ஸும் நடந்த தடத்தைத் தேடிக் கணக்கெடுக்கப் போனோம்.

இதைக் கேள்விப்பட்ட எங்கள் சனம் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. “ஊரில தெருநாயைக் கண்டால் சைக்கிளைத் திருப்பினவங்கள், இஞ்ச ஓநாய் தேடப் போறாங்களாம்” என்று கோயிலில் வைத்து ஒருவர் பகிடி பண்ணினார். எவ்வளவு சம்பளம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். சம்பளம் இல்லை, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நாங்களே பங்குக் காசு போட வேண்டும் என்றதும், “உங்களுக்கு விசர்” என்று பேச்சை முடித்துவிட்டார்கள். அன்று அவர்களுக்குச் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் மூவரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிறோம். மூத்தவர் வன்னியில் காட்டோரக் கிராமத்தில் பிறந்தவர். அவரை அண்ணை என்றே கூப்பிடுவோம். இளையவர் தம்பி. மூன்றாவது ஆள் இதை எழுதும் ஆள். எங்களோடு வேலை செய்யும் ஒரு சுவிஸ் அம்மா ஒவ்வொரு பனிக்காலமும் இந்த வேலைக்குத் தொண்டராகப் போகிறவர். ஒருநாள் இடைவேளையில் தன் ரெலிபோனில் பனியில் பதிந்த தடங்களின் படங்களைக் காட்டினார். அண்ணை ஒரு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது ஓடேல்லை, நடந்து போயிருக்கு. இந்த இடத்தில நிண்டு திரும்பிப் பாத்திருக்கு” என்றார். நாங்கள் அதை டொச்சில் சொன்னோம். அம்மா அன்றே எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார்.

முதலில் இந்த விலங்குகளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஓநாய், கரடி, லுக்ஸ் மூன்றும் இருந்தன. லுக்ஸ் பூனை இனம். ஆனால் எங்கள் ஊர்க் காட்டுப்பூனை மாதிரி அல்ல. நல்ல பெரிய நாயளவு, 25 கிலோ வரை வரும். காது நுனியில் கறுத்த மயிர்க் குஞ்சம், குட்டை வால், உடம்பெல்லாம் புள்ளி. 19ஆம் நூற்றாண்டில் காடுகளைக் கணக்கில்லாமல் வெட்டினார்கள். மானையும் மலையாட்டையும் சுட்டுத் தீர்த்தார்கள். இரை இல்லாமற் போன விலங்குகள் ஆட்டுப்பட்டியில் வாய்வைத்தன. தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து அவற்றையும் சுடுவித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு மூன்றும் இல்லாமற் போயின.

1875இல் வேட்டைச் சட்டமும் 1876இல் காட்டுச் சட்டமும் வந்த பிறகு காடும் மானும் மெல்ல மெல்லத் திரும்பின. 1971இல் அன்றைய செக்கோசிலவாக்கியாவின் கார்ப்பாத்திய மலைகளிலிருந்து லுக்ஸுகளைக் கூட்டில் கொண்டுவந்து ஒப்வால்டன் கன்ரனில் விட்டார்கள். ஓநாயை யாரும் கொண்டுவரவில்லை. அது 1995இல் இத்தாலியிலிருந்து தன் காலால் நடந்து எல்லை கடந்து வந்தது. “அதுவும் எங்களைப் போலத்தான், விசா இல்லாமல்” என்று தம்பி சொல்ல, அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். 2012இல் கூர் நகரத்துக்குப் பக்கத்துக் கலண்டா மலையில் முதல் ஓநாய்க் குடும்பம் குட்டி போட்டது. இப்போது இந்த நாட்டில் 30க்கும் மேற்பட்ட ஓநாய்க் குடும்பங்களும், 250க்கும் மேற்பட்ட லுக்ஸுகளும் இருக்கின்றன.

ஆடு வளர்ப்பவர்களுக்கும் ஓநாயைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களுக்கும் இடையில் பெரிய சண்டை. ஓநாயைச் சுடுவதை இலகுவாக்கும் ஒரு சட்டத்தை 2020 செப்டம்பர் 27ஆம் திகதி மக்கள் வாக்களித்து, 51.9 வீதத்தினர் வேண்டாம் என்று சொல்லித் தள்ளினார்கள். எங்களுக்கு அதில் வாக்கில்லை, பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பாராளுமன்றம் வேறொரு திருத்தம் கொண்டுவந்தது. 2023 மார்கழி முதலாம் திகதியிலிருந்து, ஆட்டைக் கடிக்கும் முன்பே, சில இடங்களில் குடும்பம் முழுவதையுமே சுட அனுமதி கிடைத்தது. அந்தக் காலம் தை 31ஆம் திகதி முடிந்தபோது 30க்கும் மேற்பட்ட ஓநாய்கள் சுடப்பட்டிருந்தன. நாங்கள் போனது அதற்கு அடுத்த மாதம். எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் கேள்வி.

கூரில் இருந்து சிவப்பு றெயின் ஏறி, றைன் ஆறு வெள்ளைப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்கு வழியாக இலான்ஸுக்குப் போனோம். அங்கிருந்து மஞ்சள் பஸ். அந்தப் பகுதிக்குச் சுர்செல்வா என்று பெயர். அங்குள்ள சனம் டொச் பேசினாலும் தங்களுக்குள் றோமான்ஷ் பேசுகிறார்கள். சிறிய மொழி. ஆனாலும் கடைப் பெயர், பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான். காலையில் ‘பியன் டி’ என்று வணக்கம் சொல்ல வேண்டும். ஓநாய்க்கு ‘லுஃப்’. இந்த இரண்டு சொல்லையும் முதல்நாளே படித்துக்கொண்டோம். சொன்னவுடன் கிழவர்களின் முகம் மலர்வதைப் பார்த்தோம்.

நாங்கள் ஒன்பது பேர். உயிரியல் படித்த ஓர் இளம் பெண் தலைவி. முதல்நாள் முழுக்கப் பாடம்தான். பனிச்சரிவு வந்தால் புதைந்தவரைத் தேட ஆளுக்கொரு கருவி, மண்வெட்டி, குத்திப் பார்க்க நீளக் கம்பி. டாவோஸில் உள்ள பனி ஆராய்ச்சி நிலையம் ஒவ்வொரு நாளும் பின்னேரம் 5 மணிக்கு எந்த மலையில் எவ்வளவு ஆபத்து என்று 1 முதல் 5 வரை இலக்கம் போட்டு அறிவிக்கும். அதைப் பார்த்துத்தான் மறுநாள் வழியைத் தீர்மானிப்பது. அடுத்த கட்டளை, குறிக்கப்பட்ட ஒதுக்கிடங்களுக்குள் கால் வைக்கக் கூடாது. பனிக்காலத்தில் மானுக்கும் மலையாட்டுக்கும் தீனி இல்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பில்தான் உயிர் பிடித்திருக்கும். எங்களைக் கண்டு வெருண்டு ஆழப் பனியில் ஒருமுறை ஓடினால் அந்தச் செலவே அதைச் சாகடித்துவிடும். காப்பாற்றப் போகிறவன் காலாலேயே கொல்லலாம் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி.

பனியில் புதையாமல் இருக்கச் சப்பாத்தின் கீழே தட்டையான அகலச் சட்டம் பூட்டி நடக்க வேண்டும். முதல்நாள் தம்பி ஒரு காலால் மற்றக் காலை மிதித்துப் பத்துத்தரம் விழுந்தார். நாங்கள் கொண்டுபோன ரொட்டி கல்லாக இறுகிவிட்டது. சம்பலைக் கரண்டியால் உடைத்துத் தின்றோம்.

தடம் பார்ப்பது இப்படி. நரியின் பாதம் 5 சென்ரிமீற்றர் வரும். லுக்ஸின் பாதம் வட்டம், 7 அல்லது 8 சென்ரிமீற்றர், நகம் பதியாது, பூனையல்லவா. ஓநாயின் பாதம் நீளவாட்டம், நகம் பதியும், 9 அல்லது 10 சென்ரிமீற்றர். ஆனால் பெரிய நாயின் பாதமும் அதேதான். ஒரு தடத்தை வைத்து எவராலும் ஓநாய் என்று சொல்ல முடியாது. தொடர்ந்து பல நூறு மீற்றர் பின்னால் போக வேண்டும். நாய் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தது, அங்கே மோந்து இங்கே மோந்து வளைந்து வளைந்து போகும். ஓநாய்க்கு அந்த வசதி இல்லை. முன்கால் பதிந்த குழியிலேயே பின்காலை வைத்து, நூல் பிடித்த மாதிரி நேரே போகும்.

இரண்டாம்நாள் அண்ணை ஒரு தடத்தைக் கண்டு, “இது ஓநாய்தான், சந்தேகமே இல்லை” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். எங்களுக்கு ஒரே பெருமை. எல்லாரும் பின்னால் போனோம். முந்நூறு மீற்றர் தாண்டியதும் பக்கத்தில் ஒரு மனிதச் சப்பாத்துத் தடம் வந்து சேர்ந்தது. யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு உலாவியிருக்கிறார்கள். அண்ணை அன்று இரவு வரை பேசவில்லை. தலைவி சிரிக்கவில்லை. “நானும் போன வருடம் இப்படித்தான் ஒரு கிலோமீற்றர் நடந்தேன்” என்றார்.

மரங்களில் கட்டிய கமெராக்களின் பற்றறியை மாற்றுவதும் எங்கள் வேலை. லுக்ஸுக்கு ஒரு இடத்தில் இரண்டு கமெரா, ஒன்றையொன்று பார்த்தபடி. ஏனென்றால் அதன் புள்ளிகள் எங்கள் கைரேகை மாதிரி, ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு இல்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு. இரண்டு பக்கமும் படம் இருந்தால்தான் ஆள் யாரென்று பிடிக்கலாம். ஓநாயில் புள்ளி இல்லை. அதற்கு எச்சமும் சிறுநீரும்தான் அடையாள அட்டை. கையுறை போட்டு எச்சத்தைக் குப்பியில் எடுக்க வேண்டும். நரியின் எச்சமாக இருந்தால் அதிலுள்ள நாடாப்புழு முட்டை மனிதனின் ஈரலுக்குக் கூடாது. அவை லௌசான் பல்கலைக்கழகத்துக்குப் போய், மரபணு பார்த்து ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கிடைக்கும். கலண்டா மலையின் முதல் தாய்க்கு எஃப் 07, தந்தைக்கு எம் 30 என்று பெயர். இதைக் கேட்டதும் நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கும் இந்த நாட்டில் முதலில் கிடைத்தது ஓர் இலக்கம்தான்.

அடுத்து வருவதுதான் எங்களை உலுப்பியது. ஆல்ப்ஸ் நாடுகள் எல்லாம் சாட்சியை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. படம், செத்த உடல், மரபணு என்பன முதலாம் வகை. பயிற்சி பெற்றவர் போய்ப் பார்த்து உறுதி செய்த தடமும், கடிபட்டுச் செத்த இரையும் இரண்டாம் வகை. ‘நான் கண்டேன்’, ‘நான் ஊளையைக் கேட்டேன்’ என்று ஒருவர் வாயால் சொல்வது மூன்றாம் வகை.

எங்களுக்குத் தொண்டை அடைத்தது. புகலிட விசாரணையில் நாங்கள் சொன்னது முழுவதும் இந்த மூன்றாம் வகைதான். கண்ணால் கண்டதைச் சொன்னோம். கடிதம் உண்டா, படம் உண்டா என்று கேட்டார்கள். ஷெல் விழும்போது யார் படம் எடுத்தார்கள்? எங்களில் ஒருவருக்கு முதல்தரம் ‘நம்பத்தக்கதல்ல’ என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை டொச்சில் வாசித்து விளங்கிக்கொள்ள மூன்று நாள் எடுத்தது. மறக்க இன்னும் முடியவில்லை.

நாலாம்நாள் பின்னேரம் ஓர் ஆச்சி நாங்கள் தங்கிய வீட்டுக்கு வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். பதினைந்து செம்மறி வைத்திருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் கோடையில் நாலை ஓநாய்க்குக் கொடுத்தவர். நட்டஈட்டுக் காசு கிடைத்ததாம். “காசு வந்தது. நான் பெயர் வைத்து வளர்த்ததுகள் வரவில்லை” என்றார். முந்தின இரவு தன் தொழுவத்துக்கு மேலே காட்டோரத்தில் ஓநாய்களைக் கண்டதாகச் சொன்னார். நிலவு வெளிச்சம். ஒன்றல்ல, சில. அங்கிருந்த ஓநாய்கள் எல்லாவற்றையும் சுட்டு முடிந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. அதனால் மகனே அவரை நம்பவில்லை, நாயாக இருக்கும் என்றானாம்.

அன்று கொப்பியில் எழுதும் முறை எங்களுடையது. தலைவி சொல்லச் சொல்ல இடம், நேரம், தூரம் எழுதி, கடைசியில் ‘வகை 3’ என்று போட்டோம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி கேட்டார்: “மூன்று என்றால் என்ன? நான் பொய் சொல்கிறேன் என்றா?”

எங்களுக்குக் கை நடுங்கியது. மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருப்பது அதுதான் முதல்தரம். தலைவி அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து சொன்னார்: “பொய் என்றால் எழுதவே மாட்டோம். மூன்று என்றால், நாங்கள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நாளைக் காலை உங்கள் தொழுவத்தில் இருந்துதான் தொடங்குவோம்.”

எங்கள் விசாரணையிலும் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிய ஆறரைக்கு ஆச்சியின் தொழுவத்தடிக்குப் போனோம். புதுப்பனி இரண்டு விரல் மூடியிருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணை முழங்காலில் இருந்து பனியின் மேல் சரிவாக விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தார். ஊரில் குளக்கரைச் சேற்றில் இப்படித்தான் பார்ப்பார்களாம். ஒரு வரிசையாக மெல்லிய பள்ளங்கள் போயின. இந்தமுறை அவர் “ஓநாய்” என்று சொல்லவில்லை. “பின்னால போய்ப் பாப்பம்” என்றார்.

போனோம். காட்டுக்குள் நானூறு மீற்றர், நேரே, ஒரே கோடு. மனிதத் தடம் கிட்டவில்லை. ஒரு விழுந்த மரத்தடியில் அந்த ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரிந்தது. இன்னும் கொஞ்சம் மேலே மூன்றாகியது. ஒன்றின் குழியில் ஒன்று கால் வைத்து மூன்று ஓநாய் ஒரு ஓநாய் மாதிரி நடந்து வந்திருக்கின்றன. ஒரு சிறு தேவதாருவின் அடியில் மஞ்சளாகச் சிறுநீர், அதில் ஒரு துளி இரத்தம். மாசியும் பங்குனியும் அவை சேரும் காலம். அந்த இரத்தம் பெண் ஓநாய் இருப்பதன் அடையாளம். வைகாசியில் குட்டி வரலாம். தலைவி கை நடுங்க அந்தப் பனியைக் குப்பியில் அள்ளினார்.

எல்லோருக்கும் சந்தோசம். தம்பி மட்டும் பேசாமல் நின்றார். பிறகு தமிழில் சொன்னார்: “அண்ணை, இதை எழுதினால் வாற வருசம் இதுகளையும் சுடுவாங்கள். ஒண்டு எண்டு எழுதிப்போட்டு விடுவம். ஆருக்குத் தெரியும்?”

எங்களுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. பனிக்குள் நின்று மூவரும் தமிழில் வாதாடினோம். மற்றவர்கள் என்ன சண்டையோ என்று பார்த்தார்கள். கடைசியில் அண்ணை சொன்னது இது:

“இஞ்ச பாரும் தம்பி. 2009 மாசியில நாங்கள் உள்ளுக்க நிக்கேக்க, எழுபதினாயிரம் சனம்தான் நிக்குது எண்டு வெளியில சொன்னவங்கள். எழுபதினாயிரத்துக்குக் கணக்குப் பாத்துத்தான் சாப்பாடும் மருந்தும். பிறகு முகாம்களில எண்ணினது இரண்டு லட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேல. செத்த சனம் அதில இல்லை. எண்ணிக்கையில பொய் சொல்லத் தொடங்கினால் அது கடைசியில துவக்கு வைச்சிருக்கிறவனுக்குத்தான் உதவும். உள்ளதை எழுதும்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் வாதாடியதைத் தலைவிக்கு டொச்சில் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. தனக்கும் ஒவ்வொரு வருடமும் அந்த எண்ணம் வருவதுண்டு என்றார். “ஆனால் ஒரு இடத்தில் நாம் குறைத்து எழுதியது தெரிந்தால், பிறகு குட்டிகள் குறைந்துவிட்டன, சுடாதீர்கள் என்று உண்மையைச் சொல்லும்போது யார் நம்புவார்கள்?” என்று கேட்டார். கொப்பியில் எழுதினோம்: ‘குறைந்தது மூன்று. வகை 2. சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது.’

பின்னேரம் ஆச்சியிடம் போய்ச் சொன்னோம். அவருக்கு ஓநாய் பிடிக்காது. சுட்டால் சந்தோசப்படுவார், அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் மகனைக் கூப்பிட்டு, “கேட்டாயா, மூன்று!” என்று றோமான்ஷில் சொன்னது எங்களுக்கே விளங்கியது. காய்ந்த பேரிக்காய் வைத்துச் சுட்ட பாண் ஒன்றைத் துணியில் சுற்றித் தந்தார். கோடைக்குக் காவல் நாய் வாங்க யோசிப்பதாகவும் சொன்னார். வாங்கினாரோ தெரியாது.

அந்த ஒரு கிழமையில் ஓநாயையோ லுக்ஸையோ நாங்கள் கண்ணால் காணவில்லை. கண்டதெல்லாம் கால் பதிந்த இடம்தான். சித்திரையில் அம்மா வேலையிடத்தில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். மாதிரி கெட்டுப்போகவில்லை. ஓநாய், பெண். முதலாம் வகை. ஆச்சியின் மூன்றாம் வகைச் சாட்சியில் தொடங்கியது அங்கே போய் நின்றது. அந்தப் பெண் ஓநாய்க்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சட்டம் அதன்பின் இறுகவில்லை, தளர்ந்துதான் போனது. ஐரோப்பிய நாடுகளின் பேர்ண் உடன்படிக்கையில்கூட 2025 பங்குனியோடு ஓநாயின் பாதுகாப்பை ஒரு படி இறக்கிவிட்டார்கள். நாங்கள் எழுதிய மூன்று அவற்றைக் காப்பாற்றியதா, காட்டிக்கொடுத்ததா என்று தம்பி இன்னும் கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அந்த மலையில் எத்தனை இருந்தன என்று யாராவது பின்னொரு நாள் கேட்டால், உண்மையான பதில் ஒரு கொப்பியில் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு கொப்பி இருந்திருந்தால் என்று அண்ணை ஒருமுறைதான் சொன்னார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாசியும் போகிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் மலை, சறுக்குக் கட்டையும் கேபிள் காரும் மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர விரும்பும் பெற்றோருக்கு வழி சொல்ல ஆயத்தமாக இருக்கிறோம். டொச் கொஞ்சம் தெரிந்தால் போதும், படிப்பு வேண்டாம், நல்ல சப்பாத்து வேண்டும். ரொட்டி மட்டும் கொண்டுவர வேண்டாம்.